மண் அடித்து மேடாக்குவதற்கு முன்

கண்ணா,

கடலோரத்தில் கட்டப்போகும் வீட்டுக்கு நீ அனுப்பிய பிளானைப் பார்த்தேன். அறைகள் எல்லாம் சரி, அது உன் பாடு, உன் பெண்டாட்டி பாடு. அஸ்திவாரம்தான் எனக்கு ஒப்பவில்லை. லாரி லாரியாக மண் அடித்து மேடாக்கி அதன்மேல் வழக்கமான கடைக்கால் போட்டால் வெள்ளம் எட்டாது என்கிறாராம் கான்ட்ராக்டர். தேங்கி நிற்கும் தண்ணீருக்கு அது போதலாம், ஆனால் கடல் ஏறி வரும்போது தண்ணீர் எங்கே நிற்கிறது, ஓடுகிறது, கூடவே அலையும் அடிக்கிறது, வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகிவிடும், கொட்டிய மண்ணைக் கரைத்துவிட்டு அப்புறம் கடைக்காலுக்கு அடியிலும் புகுந்து அரித்துக்கொண்டு போய்விடும். சுவரில் ஒரு கீறல்கூட இல்லாத வீடும் அப்படியே சாயும்.

அதனால் பைல் போடச் சொல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண். எத்தனை அடி என்பதை மண் பரிசோதனைதான் சொல்ல வேண்டும், பக்கத்து மனைக்காரர் அல்ல. அரிப்பு எவ்வளவு ஆழம் இறங்கும் என்று கணக்குப் போட்டு, அதற்குக் கீழே மிஞ்சும் பைலே வீட்டைத் தாங்க வேண்டும். கீழ்த்தளத்தைத் தூண்களோடு திறந்து விடு, தண்ணீர் வந்த வழியே போகட்டும். அங்கே சுவர் வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் ஒரு மீட்டர் தண்ணீர் நின்றாலே சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அரை டன் அளவுக்குத் தள்ளும். தடுப்பு இல்லாமல் முடியாது என்றால், அலை பட்டதும் தூணை இழுக்காமல் தானே கழன்று விழுகிற மாதிரி லேசாக வை. கரன்ட் மீட்டர், சுவிட்ச் போர்டு எல்லாம் மேலே.

வெள்ள மட்டத்துக்கு மேலே தரை வந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்காதே. அந்தத் தரையைத் தாங்கும் பீமின் அடிப்பக்கம் மேலே வந்திருக்கிறதா என்று பார், அலை முதலில் மோதுவது அங்கேதான்.

இன்னொன்று உப்பு. கம்பி துருப்பிடித்தால் ஊதும், ஊதினால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கும். கம்பிக்கு வெளியே 50 மி.மீ. கான்கிரீட்டாவது இருக்க வேண்டும், மண்ணைத் தொடும் இடத்தில் 75. கான்கிரீட் போடுவதற்கு முன் நீயே டேப்போடு போய் நில். கம்பியை அந்த இடைவெளியில் நிறுத்தும் கவர் பிளாக் என்ற சிறு கட்டைக்குப் பதில் ஜல்லித் துண்டைச் சொருகியிருப்பார்கள், பிடுங்கச் சொல். கடல் மணலும் உப்புத் தண்ணீரும் கலவைக்கு ஆகாது, கான்கிரீட் இறுகும்வரை நனைத்து வைக்கும் கியூரிங்குக்கும் நல்ல தண்ணீர்தான்.

மண் ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்பு. அதுவரை அட்வான்ஸ் எதுவும் கொடுக்காதே.

அம்மா