சிவப்பு விளக்கு தெரிந்தால் என்ன செய்வாய்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடற்படைப் பிரிவு கேடட்களின் அடிப்படைப் பயிற்சி பற்றி உங்கள் மாணவர் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் கப்பலின் வேகம் 'மணிக்கு 20 நாட்' என்று அச்சாகியிருந்தது. நாட் என்றாலே மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். '20 நாட்' என்று சொன்னாலே போதும். பாய்க்கப்பல் காலத்தில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றைக் கப்பலின் பின்னாலிருந்து கடலில் விடுவார்கள். 28 விநாடி மணல் கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கையை விட்டுப் போகிறதோ, அத்தனை நாட் வேகம். பேரே முடிச்சுதான்.

இது சின்ன விஷயம், விட்டுவிடலாம். நான் எழுத வந்தது வேறு.

என் பேத்தி கேடட்டாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. கப்பலில் போர்ட் என்றால் இடது, இரவில் அந்தப் பக்கம் சிவப்பு விளக்கு. ஸ்டார்போர்டு என்றால் வலது, பச்சை விளக்கு. பக்க விளக்கு ஒவ்வொன்றும் வெளியே தெரியும் கோணம் 112.5 டிகிரி, பின்விளக்குக்கு 135 டிகிரி. எல்லாம் தலைகீழ்ப் பாடம். போன வாரம் ஒரு ராத்திரி மின்சாரம் போனது. இரண்டு டார்ச்சில் சிவப்பு, பச்சை கண்ணாடித் தாளைக் கட்டி, இரண்டு தோளிலும் பிடித்துக்கொண்டு கூடத்தில் அவளுக்கு வலது பக்கமாக நின்றேன். சிவப்பு மட்டும் அவள் கண்ணில் படும்படி திரும்பிக்கொண்டு, "நான் எந்தப் பக்கம் போகிறேன்? நீ என்ன செய்வாய்?" என்று கேட்டேன். பேச்சில்லை. என் இடது பக்கம் தெரிகிறது என்றால் அவள் வழியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வலமிருந்து இடமாகப் போகிறேன். வழிவிட வேண்டியவள் அவள். எனக்கு அவளுடைய பச்சை தெரியும். நான் போக்கையும் வேகத்தையும் மாற்றாமல் போக வேண்டும். இதற்காகத்தான் அந்த நிறங்கள். இரண்டு பக்க விளக்கு, ஒரு பின்விளக்கு, மூன்றின் டிகிரியையும் கூட்டச் சொன்னேன். 360 வந்ததும் "ஓ, முழு வட்டமா தாத்தா!" என்றாள். எட்டு மாதமாக யாரும் சொல்லவில்லையாம்.

அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் சேர்ந்த புதிதில் இரவில் கடலைக் கண்காணிக்கும் லுக்அவுட்டாக நின்றபோது சிவப்பு விளக்கு ஒன்றைப் பார்த்துவிட்டு, "ரெட் 30" என்று கத்தினேன். எங்களிடம் 'ரெட் 30' என்றால் நம் கப்பலின் முன்முனையிலிருந்து இடப்பக்கம் 30 டிகிரி என்று பொருள். விளக்கு இருந்ததோ வலப்பக்கம். 'கிரீன் 30, சிவப்பு விளக்கு' என்று சொல்லியிருக்க வேண்டும். அப்போது பணியில் இருந்த வாட்ச் அதிகாரி இருநோக்கியைத் தூக்கிக்கொண்டு இடது ஓரத்துக்கு ஓடினார். அப்புறம் எனக்குக் கிடைத்ததை இங்கே எழுத முடியாது.

பதவிப் பட்டியலிலும் இதே கதைதான். தோள்பட்டைக் கோடுகளை எண்ணச் சொல்லித் தருகிறார்கள். கடற்படைக் கேப்டன் தரைப்படைக் கர்னலுக்குச் சமம், தரைப்படைக் கேப்டனோ கடற்படை லெப்டினென்டுக்குத்தான் சமம் என்பதைச் சொன்னால்தானே, இருவரையும் ஒரே மேடையில் பார்க்கும் பிள்ளை குழம்பாமல் இருக்கும்?

அணிவகுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. அணிவகுப்புக்குச் செலவிடும் நேரத்தில் வாரம் அரை மணியை இதற்கு ஒதுக்கச் சொல்கிறேன். அறையை இருட்டாக்கி, ஆளுக்கு ஒரு சிவப்பு, ஒரு பச்சை டார்ச் கொடுத்து, ஒருவரை ஒருவர் முட்டாமல் நடக்கச் சொல்லுங்கள். எதிரும் புதிருமாக வந்தால் இருவரும் வலது பக்கம் திரும்ப வேண்டும். கேள்வித்தாளிலும் 'போர்ட் விளக்கின் நிறம் என்ன?' என்பதற்குப் பதிலாக 'வலப்பக்கம் சிவப்பு தெரிகிறது, என்ன செய்வாய்?' என்று கேட்கலாம். பாடத்திட்டம் வகுப்பவர்கள் கண்ணில் படும்படி இதை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடற்படை சிக்னல்மேன் ஒருவர்