குடும்ப டாக்டருக்குப் படிப்பவர்களை எங்கள் தெருவுக்கு அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரம்பூர் பேப்பர் மில்ஸ் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் 1994 முதல் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மருத்துவ மேற்படிப்புக் கலந்தாய்வு நடக்கும்போதெல்லாம் எந்தப் பிரிவு முதலில் நிரம்பியது என்று செய்தி வருகிறது. ரேடியாலஜி, தோல், பொது மருத்துவம் என்று பட்டியல் போகும். குடும்ப மருத்துவம் என்று ஒரு மேற்படிப்பு இருப்பது அதில் என் கண்ணில் பட்டதே இல்லை. அதைப் படிக்கும் ஒரு டாக்டர் என் கடைக்கு மேல் மாடியில் மூன்று வருடமாகக் குடியிருப்பதால்தான் எனக்கே தெரியும்.

அந்தப் பெண் தருமபுரிப் பக்கம். எம்.பி.பி.எஸ். முடித்து நீட் முதுநிலைத் தேர்வு எழுதி, டி.என்.பி. குடும்ப மருத்துவத்தில் சேர்ந்தார். தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் மூன்று வருடப் படிப்பு அது. பொது மருத்துவம், குழந்தைகள், பிரசவம், அறுவை, எலும்பு, தோல், கண், காது மூக்கு தொண்டை, மனநலம், அவசரப் பிரிவு என்று ஒவ்வொரு வார்டிலும் சில காலம் வேலை பார்க்க வேண்டும். ராத்திரி டியூட்டி முடிந்து காலை எட்டு மணிக்குப் படியேறும்போது முகமே வெளுத்திருக்கும். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், "எதுல ஸ்பெஷலிஸ்ட்?" என்று கேட்பார்கள். பதிலைக் கேட்டதும், "அப்ப வெறும் எம்.பி.பி.எஸ். மாதிரிதானா?" என்பார்கள். என் காதுபடவே இரண்டு முறை இது நடந்திருக்கிறது. அந்தப் பெண் பதில் சொல்லாமல் மேலே போய்விடுவார். எனக்கு மனசு கேட்காது.

என் கடைக்கு எதிரில் ஒரு டாக்டர் இருந்தார். எம்.பி.பி.எஸ். மட்டும்தான். நான் கடை போட்டபோது அவருக்கு ஃபீஸ் பத்து ரூபாய், கடைசியாக ஐம்பது. பேரனுக்கு அடிக்கடி தாகம் எடுக்கிறது என்று ஒருவர் சொன்னால், அந்தப் பையனுடைய பாட்டிக்கு எத்தனை வயதில் சுகர் வந்தது என்பது சீட்டைப் பார்க்காமலே அவருக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரிக்கு யாரை உடனே அனுப்ப வேண்டும், யாரை ராத்திரி முழுக்கக் கவனித்துவிட்டுக் காலையில் பார்த்தால் போதும் என்பதும் தெரியும். வட சென்னைக்காரர்களுக்கு இப்படிப்பட்ட டாக்டர்கள் புதிதில்லை. 2018-இல் மறைந்த பழைய வண்ணாரப்பேட்டை டாக்டர் ஜெயச்சந்திரனையும், 2020-இல் மறைந்த வியாசர்பாடி டாக்டர் திருவேங்கடத்தையும் "அஞ்சு ரூபா டாக்டர்" என்றுதான் ஜனங்கள் சொன்னார்கள். அந்த அஞ்சு ரூபாயைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். ஒரே தெருவில் பல வருடம் உட்கார்ந்து ஒரே குடும்பங்களைப் பார்த்ததால் அவர்களுக்குக் கைவந்த வைத்தியத்தைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

எதிர்த்த டாக்டர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. அந்த இடத்தில் இப்போது ஒரு லேபின் ரத்தம் எடுக்கும் கிளை இருக்கிறது. ஜனங்கள் தாங்களாகவே போய் டெஸ்ட் எடுத்துவிட்டு, தாளைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து என்னிடம் வருகிறார்கள். "அண்ணே, கிரியாட்டினின் பக்கத்துல கறுப்பா போட்டிருக்கே, என்ன பண்றது?" என்கிறார்கள். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்த அளவு அது. நான் டி.பார்ம். என்ற மருந்தாளுநர் டிப்ளமா படித்தவன். மாத்திரையைப் பற்றிச் சொல்லலாம், நோயைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. யாரிடம் போகச் சொல்வது? சிறுநீரக டாக்டரிடமா, சுகர் டாக்டரிடமா, இதய டாக்டரிடமா? இதைத் தீர்மானிப்பதற்கே ஒரு டாக்டர் வேண்டும்.

போன மார்கழியில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பெரம்பூரிலேயே வீனஸ் என்ற இடத்தின் பக்கம் பூ விற்கும் ஒரு பாட்டி, கால் வீக்கம் குறையவில்லை என்று நீர் மாத்திரை வாங்க வந்தார். மாடி டாக்டர் அப்போதுதான் தலைவலி தைலம் வாங்கக் கீழே வந்திருந்தார். பாட்டியின் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, "பாட்டி, வீட்ல இருக்கற எல்லா மாத்திரையும் சீட்டும் எடுத்துட்டு வர்றீங்களா?" என்றார். சாயங்காலம் ஒரு மஞ்சப்பை நிறைய வந்தது. அதைக் கண்ணாடி மேஜையில் கொட்டி, அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். ஐந்து சீட்டு, ஐந்து டாக்டர்கள். மூன்று சீட்டில் மூன்று வேறு பெயரில் ஒரே கேஸ் மாத்திரை பாண்டோபிரசோல். முட்டிவலிக்கு ஒருவர் அசிக்ளோஃபெனாக் கொடுத்திருந்தார். பாட்டி பாத்ரூமில் வழுக்கி விழுந்தபோது பார்த்த இன்னொருவர் எட்டோரிகாக்சிப் எழுதியிருந்தார். இரண்டும் வலி மாத்திரை, இரண்டையும் பாட்டி சேர்த்தே விழுங்கிக்கொண்டிருந்தார். பிரஷருக்கு அம்லோடிபின். அந்த மாத்திரையால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை. நீர் மாத்திரையால் ராத்திரி நான்கு தடவை எழுந்து பாத்ரூம். அப்படி எழுந்துபோன ஒரு ராத்திரிதான் விழுந்தது.

முப்பது வருடமாக மாத்திரை எடுத்துக் கொடுக்கும் நான் அந்த ஐந்து சீட்டையும் ஐந்து தனித்தனி நாளில்தான் பார்த்திருந்தேன். அன்றைக்கு ஒன்றாக மேஜையில் கிடந்தபோது வயிற்றைப் பிசைந்தது.

டாக்டர் எதையும் தானாக நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் எல்லா மாத்திரைகளையும், யார் எப்போது எதற்கு எழுதினார்கள் என்பதையும் வரிசையாக எழுதினார். வலி மாத்திரைகளுக்கும் நீர் மாத்திரைக்கும் கீழே கோடு போட்டார். பாட்டியின் மகனைக் கூப்பிட்டு, "நாளைக்கே இதைப் பிரஷர் டாக்டர்கிட்ட காட்டுங்க, கிட்னி டெஸ்ட்டும் பார்க்கச் சொல்லுங்க" என்றார். அந்தப் பெரிய டாக்டர் தாளைப் படித்துவிட்டுப் பிரஷர் மாத்திரையை மாற்றினார், வலி மாத்திரை இரண்டையும் நிறுத்தினார். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்து, நீர் மாத்திரையும் நின்றது. பொங்கலுக்குப் பாட்டி இரண்டு முழம் கதம்பம் கொண்டுவந்து மாடிப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

இதைத்தான் அந்த டாக்டர் மூன்று வருடம் படிக்கிறார். ஆனால் படிப்பு முழுக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குள்ளேயே போய்விடுகிறது. "அங்கிள், ஒரு கர்ப்பிணியை முதல் செக்கப்ல பார்ப்பேன். பிரசவத்தப்ப நான் எலும்பு வார்டுல இருப்பேன். அந்தக் குழந்தைக்கு ஒன்பதாம் மாசத் தடுப்பூசி போடும்போது யார் பார்த்தாங்கன்னே தெரியாது" என்று ஒருநாள் சொன்னார். ஒவ்வொரு வார்டிலும் வந்துபோகும் ஆளாகத்தான் நடத்துகிறார்களாம். குடும்ப டாக்டருக்குப் படிப்பவருக்கு ஒரு குடும்பமும் சொந்தமாக இல்லை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்தப் படிப்பு தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. 2002-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கையிலேயே குடும்ப மருத்துவம் பேசப்பட்டது, 2017 கொள்கையில் மறுபடியும் வந்தது. அமெரிக்காவில் 1969-லேயே இதைத் தனிச் சிறப்புத் துறையாக அங்கீகரித்துவிட்டார்கள். இங்கிலாந்தில் எம்.பி.பி.எஸ். முடித்து இரண்டு வருட அடிப்படைப் பயிற்சி, அதற்கு மேல் மூன்று வருடம் தனிப் பயிற்சி பெற்றால்தான் தெருமுனை கிளினிக்கில் உட்கார முடியும். அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்தில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.டி. குடும்ப மருத்துவம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. பல வருடமாக இதைச் சொல்லிக்கொடுக்கிறது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கிய பிறகு, எங்கள் பகுதியில் பலருக்கு சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. என் வியாபாரம் கொஞ்சம் குறைந்தது. இருந்தாலும் மனதார வரவேற்கிறேன். ரேஷன் வரிசையில் நிற்பதுபோல் மாத்திரைக்கு நிற்க முடியாத கிழவர்களை எனக்குத் தெரியும். அப்புறம், அந்த மாத்திரைகளையும் வெளியில் எழுதிக் கொடுக்கும் மாத்திரைகளையும் சேர்த்துவைத்துப் பார்க்க ஒருவர் வேண்டாமா?

அரசையும் தேர்வு வாரியத்தையும் நான் கேட்பது இதுதான். குடும்ப மருத்துவம் படிப்பவர் ஒவ்வொருவருக்கும் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றை ஒதுக்குங்கள். வாரத்தில் ஒரு நாளாவது, மூன்று வருடமும் அதே நிலையம். சுற்றிலும் ஐம்பது குடும்பங்களை அவர் பெயரில் எழுதிக் கொடுங்கள். கூடவே அனுபவமுள்ள ஒரு டாக்டர் மேற்பார்வைக்கு இருக்கட்டும். படித்து முடித்ததும் அதே மாதிரி நிலையத்தில் இந்தப் படிப்புக்கென்றே ஒரு பதவியும் நியாயமான சம்பளமும் வேண்டும். மாடி டாக்டருக்கு இறுதித் தேர்வு நெருங்குகிறது. இதுவரை வந்திருக்கும் ஒரே வேலை, ஒரு தனியார் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ராத்திரி டியூட்டி. அதில் சேர்ந்தால் பூக்காரப் பாட்டிகளை அவர் எங்கே பார்ப்பது?

என்னால் முடிந்ததை நானும் செய்கிறேன். பயிற்சி டாக்டர்கள் யாரையாவது அனுப்பினால், கடையின் உள்ளறையில் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போட்டுத் தருகிறேன். வாடிக்கையாளர் சம்மதித்தால் அவர்களுடைய சீட்டுகளை அங்கே விரித்துவைத்துப் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை கூட்டம் குறைவு.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
பெரம்பூர், சென்னை - 11.