பயோடேட்டாவில் குறைத்த இரண்டு வயது

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் போதாதா என்று அம்மா கேட்டாள். போனில் பேசித்தானே கெடுத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ ஏதோ சொல்ல வந்தாய். நான் முந்திக்கொண்டு, "கர்த்தர் ஏற்ற நேரத்தில் செய்வார், பொறுமையாய் இரும்மா" என்றேன். நீ "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். அந்தச் சரி எனக்குத் தெரியும். சின்ன வயதில் கோயில் அசன விருந்துக்குப் போட வைத்திருந்த புதுப்பாவாடையை அக்காவுக்குக் கொடுக்கச் சொன்னபோதும் இதே சரியைத்தான் சொன்னாய்.

உனக்குப் பொறுமையைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று அன்று ராத்திரி யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் உனக்கு 29. கல்யாண பயோடேட்டாவில் நான் 27 என்று போட்டேன். ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடுகிற நேரத்தில்கூட, "என்ன, பிள்ளைக்கு இன்னும் ஒண்ணும் அமையலையா?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் போட்டேன். எல்லாம் பேசி முடித்து, கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்டார்கள். கோயில் ரிஜிஸ்டர் பொய் சொல்லவில்லை. அவர்கள் எழுந்து போனதில் எனக்குக் கோபமே இல்லை. எடுத்த லீவை ரத்து செய்துவிட்டு நீ ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாய்: "ஏன்ப்பா?" அதற்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை.

பதில் ஆதியாகமத்தில் இருக்கிறது. ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75, ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவில் பிள்ளைக்காகக் காத்திருந்த 25 வருடத்தைப் பிரசங்கத்தில் ஒரு வரியில் தாண்டிவிடுகிறோம். அதில் 10 வருடம் ஓடியபோதே அவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. சாராள் தன் அடிமைப் பெண் மூலம் பிள்ளை பெற ஒரு வழி சொன்னாள், ஆபிரகாம் தலையாட்டினார், 86 வயதில் இஸ்மவேல் பிறந்தான். அந்த அவசரத்தின் பாடு யார் தலையில் விழுந்தது? யாரும் ஒரு வார்த்தை கேட்காத எகிப்து தேசத்து அடிமைப் பெண் ஆகார் தலையில். ஆபிரகாமை விசுவாசிகளின் தகப்பன் என்கிறோம், சரிதான். ஆனாலும் வனாந்தரத்தில் தண்ணீர்த் துரவண்டையில் நின்றது அவள்தானே. கர்த்தருடைய தூதனும் அவளைத் தேடித்தான் அங்கே போனார். அவசரப்பட்டது நான், நடுத்தெருவில் நின்றது நீ. மன்னித்துக்கொள் மகளே.

ஆச்சி கருப்பட்டி காய்ச்சிய குடிசை, அந்த விடிலி, உனக்கு ஞாபகம் இருக்காது. நீ பிறப்பதற்குள் பிரித்துவிட்டோம். தாத்தா இறக்கிவந்த பதனீரை வடிகட்டி ஊற்றி, ஓலையும் உடைமுள்ளும் போட்டு எரிப்பாள். நுரை பொங்கி அடங்கி, நிறம் மாறி, கூப்பனியாக, கெட்டிப் பாகாக, இறுகி வரும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள். உருண்டால்தான் இறக்கலாம். அதற்குள் பாதிப் பகல் போய்விடும். புகை கண்ணை அறுக்கும். ஒருநாள் ஆச்சி வெளியே போயிருந்த நேரம், விளையாடப் போகிற அவசரத்தில் நானே இறக்கிச் சிரட்டைகளில் ஊற்றிவிட்டேன். மறுநாள் பார்த்தால் ஒன்றுகூடக் கட்டியாகவில்லை. பிசுபிசுவென்று எறும்பு மொய்த்துக் கிடந்தது. ஆச்சி அடிக்கவில்லை. "பதம் பாக்காம எறக்கிட்டியேல" என்று மட்டும் சொன்னாள்.

பயப்படாதே, உன்னைக் கொதிக்கிற சட்டியாக்கி ஒரு பிரசங்கம் செய்ய மாட்டேன். பதம் பார்க்காமல் இறக்குகிற புத்தி எனக்கு அப்போதே இருந்தது என்று சொல்ல வந்தேன், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைச் சொல்லத்தான் கொஞ்சம் தயக்கம். ஆபிரகாமுக்கு ஒரு பிள்ளை தருவேன் என்று வாக்குத்தத்தம் இருந்தது. உனக்கு மாப்பிள்ளை தருவேன் என்று வேதத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இருப்பதுபோல நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். 40-ஆம் சங்கீதத்தை எத்தனை வருடமாய்க் குடும்ப ஜெபத்தில் வாசிக்கிறோம்! "கர்த்தருக்காகப் பொறுமையுடன் காத்திருந்தேன்" என்றுதான் இருக்கிறது. கர்த்தருக்காக. நான் அவர் கையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் நீ பாதி ஆள் இல்லை. இதை ஒரு தகப்பன் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம், பொறுமை என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று உனக்கு யார் கற்றுக்கொடுத்தது? நாங்கள்தான் போலிருக்கிறது. 13-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பார். முதல் 2 வசனத்துக்குள் தாவீது 4 தடவை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். மறந்துவிட்டீரா என்று ஆண்டவர் முகத்தைப் பார்த்தே கேட்கிறார். நீயும் கேள். அவரிடம் கேட்கலாம், என்னிடமும் கேட்கலாம். அடுத்த தடவை நீ பேசும்போது குறுக்கே வசனம் சொல்ல மாட்டேன்.

நைட் டியூட்டி இந்த மாதமும் தொடர்கிறதா? நமக்கு விடிந்த பிறகுதானே மஸ்கட்டில் விடியும். காலையில் எழுந்தவுடன், உனக்கு இன்னும் இருட்டாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். விடியற்காலத்துக்குக் காத்திருக்கிற ராக்காவல் ஜாமக்காரரைப் பற்றி 130-ஆம் சங்கீதத்தில் வருகிறதே, நான் அதை வாசித்திருக்கிறேன், நீ அதை வார்டில் பார்க்கிறாய். அந்த மூன்று மணி, நான்கு மணி எப்படிப் போகும் என்று நீ எனக்கு எழுது. எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

பயோடேட்டாவைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நீயாகக் கேட்டால் ஒழிய இனி எழுத மாட்டேன். போன வாரம் தரகர் வந்தார், காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அம்மா உனக்காக இரண்டு கிலோ கருப்பட்டி வாங்கி, ஓலைப்பெட்டியில் பரணில் வைத்திருக்கிறாள். மழைக்கு முன்னால் நீ வந்தால் கசியாமல் இருக்கும்.

அன்புடன்,
அப்பா