அம்மா நடிக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், நினைவுகள் எல்லாம் பீரோவில் துணி அடுக்கியதுபோல மூளையில் ஒரே இடத்தில் இருப்பதாகவும், மறதி நோய் வந்தால் அந்தப் பீரோவே காலியாகிவிடும் என்றும் எழுதியிருந்தீர்கள். அது சரியல்ல. அதனால் வீட்டில் எவ்வளவு சங்கடம் வருகிறது என்று அனுபவித்தவள் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு 74 வயது. அல்சைமர் என்ற மறதி நோய் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயாது, "இன்னும் சோறு போடலையாடி?" என்பார். ஆனால் மடியில் மல்லிகையைக் கொட்டி வாழைநாரைக் கொடுத்தால் போதும். இரண்டு பூ இப்படி, இரண்டு பூ எதிராக வைத்து, நாரைச் சுற்றி ஒரு இழுப்பு. குனிந்துகூடப் பார்க்காமல் முழக்கணக்கில் நெருக்கக் கட்டிவிடுவார். இதைப் பார்த்த சொந்தக்காரர்கள், "பூக்கட்ட ஞாபகம் இருக்கு, சாப்பிட்டது மட்டும் மறந்துபோச்சா? நடிக்கிறாங்க" என்றார்கள், அம்மா காதுபடவே.

இது நடிப்பல்ல என்பதை ஒரு பழைய சம்பவம் காட்டும். 1953-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில், வலிப்பை நிறுத்துவதற்காக ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு, மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் கணிசமான பாகத்தை அறுத்தெடுத்தார்கள். சின்ன வயசு விஷயங்கள் நினைவில் இருந்தன. புதிதாக நடந்தது எதுவும் நினைவில் தங்கவில்லை. தன்னைப் பல வருடம் சோதித்த உளவியல் ஆய்வாளர் பிரெண்டா மில்னரையே ஒவ்வொரு முறையும் புதியவராகப் பார்த்தார். ஆனால் கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை மில்னர் கொடுத்தபோது, மூன்றே நாளில் அவர் கை தேறியது. முன்பு வரைந்ததாக அவருக்குத் துளியும் நினைவில்லை!

ஒரு சம்பவத்தில் கண்டது, கேட்டது, முகர்ந்தது எல்லாம் மூளையின் மேலடுக்கான புறணியில் வெவ்வேறு இடங்களில் பதிகின்றன. அவற்றைச் சேர்த்துக் கட்டும் நார்தான் ஹிப்போகாம்பஸ். நாளாக ஆக, பழைய நினைவுகள் அந்த நாரை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. கைப்பழக்கமோ சிறுமூளையும் மூளையின் ஆழத்திலுள்ள வேறு சில பகுதிகளும் பார்த்துக்கொள்ளும் வேலை. அல்சைமர் பெரும்பாலும் ஹிப்போகாம்பஸையும் அதை ஒட்டிய பகுதியையும்தான் முதலில் தாக்குகிறது. அம்மாவுக்குச் சோறு மறந்து பூ மறக்காதது இதனால்தான்.

அடுத்த இதழில் நான்கு வரியாவது திருத்தம் போடுங்கள். எங்கள் சொந்தக்காரர்களிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நிலக்கோட்டை