கடலுக்கடியில் கிடந்த கர்டர்கள்

பாம்பன்

பாசமுள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது.

நேற்று ராத்திரி போனில் நீ அழுதது இன்னும் காதிலேயே நிற்கிறது. "ரெண்டாவது குரூப் மூணாவது தடவையும் போச்சுப்பா. இந்த சி.ஏ. ஆடிட்டர் படிப்பெல்லாம் நம்ம மாதிரி வீட்டுக்கு ஆகாது. ஊருக்கே வந்துர்றேன்" என்றாய். எனக்கு வாயே வரவில்லை. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கரைக்குப் போய்விட்டேன். அங்கே உட்கார்ந்து யோசித்ததைத்தான் எழுதுகிறேன்.

ஊருக்கு வருவதென்றால் தாராளமாக வா தாயி. இது உன் வீடு. ஆனால் 'நம்மால் ஆகாது' என்று முடிவுகட்டிக்கொண்டு வராதே.

உன் தாத்தா தனுஷ்கோடிக்காரர். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் வத்தைப் படகு, வலை, குடிசை எல்லாம் போய், உடுத்திய துணியோடு இங்கே வந்து சேர்ந்தவர். அதே ராத்திரிதான் பாசஞ்சர் ரயிலையும் கடல் கொண்டுபோனது. அதில் இருந்தவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. பாம்பன் ரயில் பாலத்தில் தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களான கர்டர்கள் நூற்றுக்கும் மேல் கடலில் விழுந்தன. கப்பலுக்குத் திறக்கும் நடுப்பகுதி தப்பி நின்றது. மொட்டைத் தூண்களைப் பார்த்துவிட்டு, இனி இந்தத் தீவுக்கு ரயில் ஏது என்றுதான் தாத்தாவும் நினைத்தாராம்.

சரிசெய்ய ரயில்வே ஆறு மாதம் கெடு வைத்தது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பு வந்தது 32 வயது இன்ஜினியர் ஸ்ரீதரன் கையில். பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டிய அதே ஸ்ரீதரன்தான். எங்கெங்கோ இருந்து கர்டர்களைக் கொண்டுவர ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது, ஒரு மீனவர் வந்து, விழுந்த கர்டர்கள் கடலுக்கடியில் கிடக்கின்றன என்று சொன்னார். அவற்றையே தூக்கித் தூண்மேல் ஏற்றினார்கள். 46 நாளில் வேலை முடிந்தது. தாத்தா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்த மீனவர் வருகிற இடத்தில் மட்டும் குரல் உயரும். "நம்ம ஆளுதானய்யா கண்டு சொன்னது!" என்பார்.

முதல் குரூப்பை நீ ஒரே தடவையில் முடித்தாயே, அது அப்படியே நிற்கிறது. மூன்று தடவை உட்கார்ந்து படித்தாயே, அது எங்கே போகும்? உனக்குள்ளேதான் கிடக்கிறது.

அப்புறம் இன்னொன்று. ஏழு வயதில் உன்னைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போனேன், ஞாபகம் இருக்கிறதா? ஆச்சி சிரட்டையால் மணலைத் தோண்டினாள். பத்து எட்டில் கடல். முதலில் கலங்கலாக ஊறியதும் நீ முகத்தைச் சுளித்தாய். ஆச்சி ஒன்றும் சொல்லாமல் அதை இறைத்துவிட்டு, சேலையை முழங்காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அடி மணல் தெரிகிற மாதிரி தெளிந்தது. நீ இரண்டு சிரட்டை குடித்தாய். உப்பே இல்லை.

மழைத்தண்ணி மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத்தண்ணிக்கு மேலே மிதந்து நிற்கிறது. அதனால் ஆழமாகத் தோண்டக் கூடாது, உப்பு ஏறிவிடும். முழங்கை ஆழம் தோண்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நீ ராத்திரி மூன்று மணி வரை முழித்துப் படிக்கிறாய், சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன் ரூம் தோழி அம்மாவிடம் சொன்னாளாம். அப்படித் தோண்டாதே தாயி. பத்து நாள் புத்தகத்தை மூடி வை. நன்றாகத் தூங்கு.

அம்மா இன்று விடியற்காலையிலேயே வேர்க்காடு சந்தியாகப்பர் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். நானும் படகைத் தள்ளும்போது உன் பெயரைச் சொல்லித்தான் தள்ளினேன். கடலுக்குப் போகிறவனுக்கு ஒவ்வொரு நாளும் நம்பிக்கைதான் முதல். வலையை விடும்போது கீழே என்ன இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது. தெரியாமல்தான் முப்பது வருசமாக விடுகிறேன். அதில்தான் உன்னைப் படிக்க வைத்தேன்.

தெரிந்த தம்பி ஒருவர் சென்னைக்கு வருகிறார். நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடுகிறேன். அடுத்த பரீட்சைக்குப் பணம் கட்டக் கடைசித் தேதி என்றைக்கு என்று சொல். இந்த வாரம் நண்டு நன்றாகப் படுகிறது.

அப்பா