ருவாவின் பெயருக்கு ஒரு திருத்தம் கேட்டு

வரலாற்று வினாடி வினாப் போட்டிக் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற மாத இறுதிச் சுற்றின் பதினேழாவது கேள்வி உங்களுக்கு மறந்திருக்காது. "கான்ஸ்டான்டிநோபிளிடம் ஆண்டுக்கு 350 பவுண்டு தங்கம் வாங்கிய ஹூண மன்னர் யார்?" என் மாணவி பஸ்ஸரை அழுத்தி "ருவா" என்றாள். நடுவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "தவறு, அட்டிலா" என்றார். பத்து மதிப்பெண்ணில் கோப்பை போனது. அங்கேயே எழுந்து ஆட்சேபம் சொன்னேன். நடுவர் தீர்ப்பே இறுதியானது என்றீர்கள். அப்புறம் இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லாததால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

கோப்பையை நாங்கள் திருப்பிக் கேட்கவில்லை. வென்ற பிள்ளைகளும் உழைத்துத்தான் வந்தார்கள். விடைக் குறிப்பைத் திருத்துங்கள் என்றுதான் கேட்கிறேன்.

350 பவுண்டு என்பது ருவாவின் கணக்கு. கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஆண்ட கிழக்கு ரோமப் பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் அவருக்குக் கப்பமாகக் கொடுத்து வந்த தொகை அது. நம் அளவில் ஏறக்குறைய 115 கிலோ தங்கம். ருவா இறந்த பிறகு அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவரான முண்ட்சுக்கின் மகன்கள் பிளேடாவும் அட்டிலாவும் மார்கஸ் என்ற ரோம எல்லை நகருக்கு வெளியே, குதிரையை விட்டு இறங்காமலேயே ரோமத் தூதர்களிடம் பேசி அதை இரட்டிப்பாக்கினார்கள். 700 பவுண்டு. 447இல் நடந்த போருக்குப் பிறகு அட்டிலா அதை 2,100 ஆக்கினார். ரோமத் தூதுக்குழுவோடு அட்டிலாவின் அரண்மனைக்கே போய்வந்த வரலாற்றாசிரியர் பிரிஸ்கஸ் எழுதி வைத்த சேதி இது. 350ஐ இரட்டிப்பாக்கியவரிடமே அந்த 350ஐயும் கொடுத்துவிட்டால், அதை முதலில் வாங்கியவர் எங்கே போவார்?

இந்தப் பெண் ருவாவிடம் வந்து சேர்ந்த வழியையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஹூணர் என்றால் நம் பாடத்தில் அவர்களை எதிர்த்த ஸ்கந்தகுப்தர், ஹூண மன்னர்களான தோரமாணர், மிகிரகுலர். "ஐரோப்பாவுக்குப் போன ஹூணரும் இவர்களும் ஒரே கூட்டமா டீச்சர்?" என்று ஒரு நாள் கேட்டாள். ஆய்வாளர்களே இன்னும் ஒத்துப்போகாத விஷயம், நீயே தேடிப் பார் என்றேன். நான்கு மாதம் தேடினாள். கோடு போட்ட நோட்டில் ஒரு பக்கம் முழுக்க வம்சப் படம் வரைந்திருக்கிறாள். ருவாவும் அவருடைய சகோதரர் ஆக்டரும் சேர்ந்து ஆண்டது, 430 வாக்கில் ஆக்டர் இறந்தபின் ருவா தனியாக ஆண்டது, ரோமத் தளபதி ஏட்டியஸ் எதிரிகளிடம் தோற்று ருவாவிடம் அடைக்கலம் போய், ஹூணர் துணையோடு திரும்பிப் பதவியைப் பிடித்தது, எல்லாம் அதில் இருக்கிறது. தன்னை விட்டு ஓடி ரோமரிடம் சேர்ந்தவர்களைத் திருப்பித் தராவிட்டால் சமாதானம் முறியும் என்று எஸ்லா என்ற தூதர் மூலம் ருவா சொல்லி அனுப்பியதற்குப் பச்சை மையில் அடிக்கோடு போட்டிருக்கிறாள். அந்தப் பேச்சு முடியுமுன்பே, 434 வாக்கில், ருவா இறந்துபோனார். இடி விழுந்து செத்தார் என்றும், கான்ஸ்டான்டிநோபிள் பேராயர் புரோக்லஸ் பைபிளின் எசேக்கியேல் தீர்க்கதரிசனத்தை எடுத்து அந்தச் சாவைப் பற்றிப் பிரசங்கித்தார் என்றும் திருச்சபை வரலாற்றில் எழுதி வைத்தார்கள். ஒரு தலைநகரமே அந்த மனிதருக்கு எவ்வளவு பயந்திருந்தால் அவர் சாவைக் கடவுளின் செயலாகக் கொண்டாடியிருக்கும் என்று வகுப்பில் அவள் சொன்னபோது, பின் பெஞ்சுப் பையன்கள் கூடப் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசாமலே வந்தாள். ஊர் நெருங்கும்போது, "நான் படிச்சது தப்பா டீச்சர்?" என்றாள். தப்பில்லை என்றேன். "அப்ப அடுத்த தடவை அட்டையில என்ன இருக்குமோ அதையே சொல்லிடறேன்" என்றாள். என்னைத் தூங்கவிடாத வார்த்தை இதுதான். தோற்றதற்காக அவள் அழுதிருந்தால் இரண்டு நாளில் சரியாகியிருக்கும்.

இது உங்கள் போட்டியோடு நிற்கும் குறையும் இல்லை. ஒரு கைடில் வந்த பிழையை அடுத்த கைடு எடுக்கிறது, அதிலிருந்து கேள்வித்தாள் தயாராகிறது, விடை அட்டை அச்சாகிறது. யாரும் ஒரு முறை திரும்பிப் பார்ப்பதில்லை. தெரிந்த பெயர் ஒன்று கிடைத்தால் அந்தக் காலத்தில் நடந்ததையெல்லாம் அவர் தலையில் கட்டிவிடுகிறோம். கைடைத் தாண்டிப் படித்த பிள்ளைக்குத்தான் அதனால் மதிப்பெண் போகிறது. இருபத்திரண்டு வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பொறுமை தீர்ந்துவிட்டது.

கோபத்தில் எழுத்து நீண்டுவிட்டது, மன்னியுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சொந்தப் பணம் போட்டுப் போட்டி நடத்துகிறீர்கள், அந்த நன்றி எனக்கு உண்டு. அதனால்தான் உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். பதினேழாம் கேள்வியின் விடையை ருவா என்று திருத்தி, இந்த ஆண்டு வினாத் தொகுப்பை அச்சுக்குக் கொடுங்கள். அப்புறம், அவள் சொன்ன விடை சரி என்று அவள் பெயருக்கே இரண்டு வரியில் ஒரு கடிதம் தயவுசெய்து எழுதுங்கள். பள்ளி முகவரி உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. அரையாண்டு விடுமுறைக்கு முன் வந்தால் நானே அவள் கையில் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியை