வரத்துக்காலை யார் வெட்டுவது?

எங்கள் கோயிலின் பங்குப் பேரவைக்கும், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியங்களின் பொறுப்பாளர்களுக்கும், தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மடல்.

அண்ணன்மாரே, அக்காமாரே, இயேசுவுக்கே புகழ்!

போன ஐப்பசியில் நல்ல மழை. ஆனாலும் நம் ஊருணி பாதிகூட நிரம்பவில்லை. போய்ப் பார்த்தால் ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் நெடுகக் கருவேலம், பிளாஸ்டிக் பை, இடிந்த வீட்டுச் செங்கல். வற்றாத ஆறு இல்லாத சீமை இது. அதனால்தான் முன்னோர் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி, மழைத் தண்ணீரைக் கால்வழியே கொண்டுவந்து சேர்த்தார்கள். படித்துறைக் கல் இன்றும் அசையாமல் இருக்கிறது. தண்ணீர்தான் இல்லை.

நம் பங்கை நினைத்தால் எனக்கு அந்தப் படித்துறைதான் கண்ணில் வருகிறது.

திருவிழாவில் ஒரு குறையும் இல்லை. கொடியேற்றம், நவநாள், தேர்ப்பவனி எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது. கணக்கில் ஒரு ரூபாய் பிசகாது. அந்த உழைப்பை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் 'ஆண்டவர் தந்த கனிகள்' என்று ஆண்டறிக்கையில் நாம் வாசிப்பதெல்லாம் கிரானைட் தரையும் புது மைக் செட்டும்தானே? கலாத்தியருக்கு எழுதிய பவுலடிகளார் கனி என்று சொன்னது அன்பு, மகிழ்ச்சி, அமைதி, பொறுமை, பரிவு, நன்னயம், நம்பிக்கை, கனிவு, தன்னடக்கம். இந்த ஒன்பதில் ஒன்றையும் வசூல் செய்து வாங்க முடியாது.

என் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து 7 மாதம் படுக்கையில் கிடந்தார். நற்கருணை கொண்டுவரச் சொல்லி இரண்டு முறை ஆள் அனுப்பினேன். வருகிறோம் என்றார்கள், வரவில்லை. தேடி வந்தது சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் ஓர் அக்கா மட்டும்தான். பொழுது சாய்ந்ததும் தூக்குவாளியில் கஞ்சியோடு வருவார்கள். ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஜெபமாலை தொடங்குவார்கள். இவருக்கு நாக்கு குழறும். 'அருள் நிறைந்த' என்பதற்கே மூச்சு வாங்கும். அவர் சொல்லி முடிக்கும்வரை அக்கா அடுத்த மணியை நகர்த்த மாட்டார்கள். 53 மணியும் முடிய ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை. எந்தச் சபையிலும் அவர்களுக்குப் பொறுப்பு கிடையாது. ஆனால் விடிகாலைப் பூசைக்கு அவர்கள் வராத நாளை நான் பார்த்ததில்லை. அந்தப் பொறுமை எங்கிருந்து ஊறியது என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. "என்னோடு இணைந்து இருங்கள்" என்று ஆண்டவர் சொன்னது இதைத்தான்.

வருஷந்தோறும் வேன் பிடித்து, புனித அருளானந்தர் திருத்தலம் இருக்கும் ஓரியூர் போகிறோம், செம்மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருகிறோம். போர்த்துகலில் இருந்து வந்து இந்த மறவ நாட்டில் மறைப்பணி செய்த குரு அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) 1687-ல் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். போர்த்துகல் மன்னர் அவருடைய சிறுவயதுத் தோழர். அங்கேயே தங்கும்படி வற்புறுத்தினார். மறவ நாட்டில் பட்ட அடியும் உதையும் மறந்திருக்காது. ஆனாலும் அவர் 1690-ல் இந்தியா திரும்பினார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். தம்மை நம்பியிருந்த மக்களிடம் திரும்பி வந்தாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நாம் நாலு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்குப் போவதில்லை.

லூக்கா நற்செய்தியில் மூன்று ஆண்டாகக் காய்க்காத அத்திமரத்தை வெட்டச் சொல்கிறார் உரிமையாளர். தோட்டக்காரரோ, சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன், இந்த ஆண்டும் விட்டுவையுங்கள் என்று கேட்கிறார். அந்தத் தோட்டக்காரரின் வேலையைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

இந்தத் தவக்காலத்தில் வெள்ளிதோறும் சிலுவைப்பாதை முடிந்ததும் மூன்று வீடு. படுத்த படுக்கையாக இருப்பவர்கள், கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டவர்கள். நோட்டீஸ் வேண்டாம், போட்டோ வேண்டாம். உட்கார்ந்து பேசுவோம், அவர்கள் வேகத்துக்கு ஒரு ஜெபமாலை சொல்வோம். வர முடிந்தவர்கள் கொடிமரத்தடியில் நில்லுங்கள். அந்த அக்காவுக்கு இப்போது முட்டுவலி. வெளியே நடக்க முடியவில்லை. முதலில் அவர்கள் வீட்டுக்குப் போகலாம்.